அப்பாவின் பல்பொடியும் பன்னிரண்டு விரற்கடைக் குச்சியும்

அப்பா புனே வந்து மூன்று மாதம் ஆகிறது. வயது 79. அம்மா போனபிறகு தென்காசிப் பக்கம் தனியாக இருந்தவரை நானும் தங்கமணியும் ஒருவழியாகப் பேசிக் கூட்டி வந்தோம். பெட்டியைத் திறந்தால் நாலு வேட்டி, விபூதிச் சம்படம், அடியில் ஒரு டஜன் பல்பொடிப் பொட்டலம். "இங்க கிடைக்காதுல்லா, அதான்" என்றார்.

மறுநாள் காலையில் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. ரோஸ் கலர் பல்பொடியில் பாதியைத் தேய்த்து, பாதியைத் தின்று வளர்ந்த கோஷ்டி நான். உங்களில் பாதிப்பேரும் அப்படித்தான் என்று தெரியும் :)

பிரச்சினை தண்ணீரில் ஆரம்பித்தது. ஒரு வாய் பச்சைத் தண்ணீர் குடித்தாலே முகத்தைச் சுளிக்கிறார். பல் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் காட்டினார். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. ஈறு ஓரத்தில் பல்லுக்குப் பல் ஒரு வெட்டு, அரத்தால் ராவியது போல. பொடியை விரலில் தொட்டு அழுத்தித் தேய்த்த தேய்ப்புதான் என்றார் டாக்டர். பல்லின் மேல்பாகத்தில் எனாமல் இருக்கிறது, தாங்கும். வேரில் அது கிடையாது. வயதாகி ஈறு இறங்கியதும் அந்த மெத்தென்ற பாகம் பொடிக்கு நேரே மாட்டிக்கொள்கிறது.

அப்பாவுக்குக் கோபம். "அறுபது வருஷமா இதத்தான் தேய்க்கேன். இயற்கையானது. ஒங்க பேஸ்ட்டு மாதிரி கெமிக்கல் கிடையாதுன்னு அவர்ட்ட சொல்லுல." நான் பாதியைத்தான் இந்தியில் மொழிபெயர்த்தேன். ஆனால் 'இயற்கையானது' என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. நம் முன்னோர் உண்மையில் என்னதான் சொன்னார்கள்? கிடைத்ததைப் படித்ததில் தேறியது இந்தப் பதிவு.

முதலில் குச்சி. சுஸ்ருத சம்ஹிதையில் சிகிச்சை பற்றிய பகுதியின் 24ஆம் அத்தியாயத்தில் பல் குச்சிக்கு அளவே இருக்கிறது. நீளம் பன்னிரண்டு விரற்கடை, பருமன் சுண்டுவிரல் அளவு. கணு இருக்கக்கூடாது, நேராக இருக்கவேண்டும். துணைக்குப் பல்பொடியும் உண்டு. ஆனால் தேய்க்கும் விதம்தான் முக்கியம். குச்சியின் நுனி மெத்தென்று இருக்கவேண்டும், ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கவேண்டும், ஈறு புண்படக்கூடாது.

அதைவிட ஆச்சரியம், யார் குச்சியைத் தொடக்கூடாது என்ற பட்டியல். வாய்ப்புண், இருமல், மூச்சிரைப்பு, வாந்தி, அஜீரணம், முகவாதம் இருப்பவர்கள். அதோடு உடல் பலம் குன்றியவர்கள், ஏற்கனவே பல் நோய் உள்ளவர்கள். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்திலும் இதுபோல ஒரு பட்டியல் உண்டு. அதாவது அப்பா வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள்! இயற்கையானதுதானே, யாருக்கு என்ன ஆகும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியா வந்த சீனத் துறவி இத்சிங்கும் இந்தப் பல் குச்சியைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் நீளமும் பன்னிரண்டு விரற்கடைதான், குறைந்தது எட்டு. நுனியை மென்று மெத்தென்று ஆக்கவேண்டும் என்கிறார். நம்மூரில் 'ஆலும் வேலும்' என்போமே, அந்த 'வேல்' கருவேலம். இந்தியில் பபூல். அதே பெயரில் வந்த பற்பசையை மறந்திருக்க மாட்டீர்கள். (வயற்காட்டை நாசம் செய்யும் சீமைக்கருவேலம் வேறு ஜாதி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதை ஒடித்து வாயில் வைத்துவிடாதீர்கள்.)

அப்புறம் சாம்பல், அடுப்புக்கரி, உமிக்கரி, உப்பு. இதெல்லாம் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த ஏற்பாடு. சென்ற நூற்றாண்டில் இது பொட்டலத்துக்குள் போனது. மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் 1913ல் தொடங்கிய வைத்தியசாலையின் பல்பொடி உமிக்கரியில் செய்ததுதான். கோல்கேட் இங்கே கம்பெனி பதிந்தது 1937. விக்கோ 1952. நம் பக்கத்தில் கோபால் பல்பொடி, பயோரியா பல்பொடி. 'பயோரியா' என்பது ஈறில் சீழ் வைக்கும் நோயின் ஆங்கிலப் பெயர் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். சின்ன வயதில் ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்திருந்தேன்.

பொட்டலத்தில் மூலிகைப் பெயர்கள் ஏறின. 'ஈறு புண்படாமல்', 'பலம் குன்றியவருக்கு வேண்டாம்' என்ற இரண்டும் இறங்கிவிட்டன. சிவப்புப் பொடி பலவற்றில் அந்தச் சிவப்பு காவிக்கல்லிலிருந்து வருவது. காவிக்கல் என்றால் மண்தான். இது கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. சிவப்புப் பல்பொடி ஆயுர்வேத மருந்தா, சாதாரண ஒப்பனைப் பொருளா என்று பைத்யநாத் கம்பெனிக்கும் கலால் துறைக்கும் வழக்கு. ஜனங்கள் இதை மருந்தாக நினைத்தா வாங்குகிறார்கள், தினமும் பல் விளக்கத்தானே என்று 1995ல் உச்ச நீதிமன்றம் கேட்டது. மருந்து இல்லை என்பது தீர்ப்பு. வரிக்காக நடந்த வழக்குதான். ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் அதை மருந்து மாதிரிதானே நம்பியிருக்கிறார்கள்?

புனே வாசிகளுக்கு இன்னொரு கதை உண்டு. எங்கள் கீழ்வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி) தினமும் காலையில் கறுப்பாக ஒரு பொடியை ஈறில் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பெயர் மிஷ்ரி. நான் ஏதோ மூலிகைக்கரி என்று பல வருஷம் நினைத்திருந்தேன். புகையிலையைத் தவாவில் கருக வறுத்துப் பொடித்தது அது! பல்லுக்கு நல்லது என்று ஆரம்பித்து, விடமுடியாத பழக்கமாகி, வாய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடுகிற சாமான். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை கூடாது என்று மத்திய அரசு 1992ல் தடை போட்டது. 1997ல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. ஆனால் வீட்டில் வறுத்துப் பொடிப்பதை எந்தத் தடை தடுக்கும்? புகையிலையும் செடிதான், இயற்கைதான்.

இந்த ஊரிலேயே நடந்த இன்னொரு சம்பவம். 1930ல் ஏரவாடா ஜெயிலில் காந்திஜியோடு இருந்தவர் காகா காலேல்கர். காந்திஜிக்குக் கருவேலங்குச்சி கிடைக்காததால் இவர் வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கித் தயார் செய்து கொடுப்பார். தேய்த்து முடித்ததும் காந்திஜி சொன்னாராம், நுனியை மட்டும் வெட்டிவிட்டு அதே குச்சியை நாளைக்கும் கொடு, காயும்வரை வீசாதே என்று. எல்லோரும் இதைச் சிக்கனத்துக்குச் சொல்வார்கள். எனக்கு இப்போது கண்ணில் படுவது நசுக்கிய நுனிதான். பல் போய்ப் பல்செட் வைத்துச் சாப்பிட்ட மனிதர் அவர்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். சுஸ்ருதர் சொன்னதையும் சொன்னேன். டாக்டர் சொன்னபோது கேட்காதவர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மெத்துன்னு இருக்கணும்னா சொல்லியிருக்கு?" என்றார். அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. மிக மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு. ஈறு இறங்கிய வேரில் சொத்தை சீக்கிரம் விழும், அதற்கு ஃப்ளோரைடு தேவை என்றார் டாக்டர். அப்பாவின் பி.பி. மாத்திரையால் வாய் உலர்கிறது, அதனால் அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். ராத்திரி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. நல்லெண்ணெய் கொப்பளிப்பதை அப்பா விடவில்லை, சரகரும் அதைப் புகழ்ந்திருக்கிறார். பிரஷுக்குப் பதிலாக இல்லாமல் கூடுதலாக இருந்தால் சரி. ஆனால் புரையேறாமல் கொஞ்சமாக, உட்கார்ந்தபடி. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் பஞ்சில் ஒரு சொட்டு மட்டும், அதிகமானால் ஈறு வெந்துவிடும். மேலே இரண்டு பல் பல்செட். அதைப் பொடியால் தேய்த்தால் கீறல் விழும், அதனால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுகிறோம்.

பொட்டலங்கள்? பதினொன்று பாக்கி இருந்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை அவருக்கு. தங்கமணி அதை வாங்கி வெள்ளி விளக்கு தேய்த்தாள். பளபளவென்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்பாவே சொன்னார், "வெள்ளியவே இந்த ராவு ராவுதே!"

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதில் பல் தேய்க்கிறார்கள் என்று இன்றைக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஊரில் இருந்தால் போனில் கேளுங்கள், தண்ணீர் குடித்தால் கூசுகிறதா என்று. அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.