கால் மாறிய கதை

மதுரை மீனாட்சியம்மன் கோவில் வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்றத் தலங்களில் தூக்கிய கால் இடது. ராஜசேகர பாண்டியன் வேண்டியதால் ஈசன் கால் மாறி ஆடினார் என்கிறது திருவிளையாடல். வாலே காலாக மாறிய கதை ஒன்று ஒடிசாவில் நடந்தது. அதை நடத்தியவரும் ஒரு நாட்டியக்காரர்தான்.

1954-இல் டெல்லியில் நடந்த பல்கலைக்கழக இளைஞர் விழாவில் ஒடிசி ஆடினார் பிரியம்பதா மொகந்தி. விமர்சகர் சார்லஸ் ஃபாப்ரி அதைப் பார்த்து வியந்து எழுத, ஒடிசிக்கு வெளியுலகக் கவனம் கிடைத்தது. ஆடிய பெண் பின்னாளில் விலங்கியல் பேராசிரியர் ஆனார்.

மழைக்குக் கண்மாய் நிறைந்ததும் தலைப்பிரட்டைகள் நெளியுமே, அவைதான் அவருடைய ஆய்வுப்பொருள். தலைப்பிரட்டையின் வாலை நறுக்கினால் வால்தான் திரும்ப முளைக்கும். புவனேஸ்வரம் உத்கல் பல்கலைக்கழகத்தில் அவரது குழு, வால் நறுக்கிய தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டது. சிலவற்றுக்கு வால் இருந்த இடத்தில் பின்னங்கால்கள் முளைத்தன! 1992-இல் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது, பலூன்போல் உப்பி மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளை இனம். நம் தமிழகச் சமவெளியிலும் அது உண்டு.

கால் எப்படி உருவாகிறது? தாய் வயிற்றில் நான்காவது வாரம் கை மொட்டு விடுகிறது. ஓரிரு நாள் கழித்துக் கால் மொட்டு. மொட்டின் நுனியில் ஒரு வரப்பு இருக்கிறது. 1948-இல் அமெரிக்கர் ஜான் சாண்டர்ஸ் கோழிக் கருவில் அந்த வரப்பை வெட்டியெடுத்தார். இறக்கை பாதியோடு நின்றது. சுண்டுவிரல் பக்கமிருந்து கசியும் புரதம் எந்த விரல் எங்கே என்று சொல்கிறது. 1993-இல் கண்டறிந்த அதன் மரபணுவுக்கு வீடியோ கேம் நாயகன் ‘சோனிக்’ பெயரையே வைத்தார்கள். விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் மடிந்தால்தான் விரல்கள் பிரியும். வாத்துக்கு அவை மடிவதில்லை. அதுவே நீந்தும் சவ்வு.

ஆக, ‘நீ இருப்பது இன்ன இடம்’ என்று செல்லுக்கு முகவரி சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் அமிலம் அந்த முகவரியையே மாற்றிவிடும். தவளைக்கு மட்டுமல்ல, மனிதக் கருவுக்கும் அளவு மீறிய வைட்டமின் ஏ ஊறு செய்யும். முகப்பருவுக்குத் தரும் சில மாத்திரைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது.