நங்கூர போல்ட்: அமைவிட விலக்க வரம்பு

எஃகுத் தூணின் அடியிலுள்ள பேஸ் பிளேட்டைக் கான்கிரீட் அடித்தளத்தோடு பிணைப்பவை நங்கூர போல்ட்டுகள். வரைபடம் காட்டும் இடத்திலிருந்து இவை எவ்வளவு விலகி நிற்கலாம் என்பதே அமைவிட விலக்க வரம்பு. போல்ட்டைப் புதைப்பவர் கான்கிரீட் ஒப்பந்தக்காரர். தூணை நிறுத்துபவர் பெரும்பாலும் வேறொருவர். பிளேட்டில் துளை போடுவதோ தொலைவிலுள்ள பட்டறை. மூவரின் அளவும் முதன்முதலாகச் சந்திப்பது தூணை இறக்கும்போதுதான்.

அமெரிக்காவில் இந்த வரம்புகளை எஃகுக் கட்டுமானக் கழகத்தின் நடைமுறைக் கோவை வகுக்கிறது. முந்தைய பதிப்புகளில், ஒரு தொகுதியிலுள்ள எந்த இரு போல்ட்டுகளின் மைய இடைவெளியும் 3 மி.மீ.க்கு மேல் மாறக்கூடாது. ஈரக் கான்கிரீட்டும் வைப்ரேட்டரும் சேர்ந்த இடத்தில் இது கடுமையான எதிர்பார்ப்பு. 2016 பதிப்பு விட்டத்தை வைத்து வரம்பைப் பிரித்தது: முக்கால், முக்காலே அரைக்கால் அங்குல போல்ட்டுக்கு 6 மி.மீ.; 1 முதல் 1½ அங்குலம் வரை 10 மி.மீ.; 1¾ முதல் 2½ அங்குலம் வரை 13 மி.மீ. கான்கிரீட்டுக்கு மேலே நீளும் பகுதி முழுவதுக்கும் இது பொருந்துவதால் சாய்ந்த போல்ட்டும் தப்பாது. மேல்முனையின் உயரம் 13 மி.மீ. கூடலாம், குறையலாம்.

இந்தத் தளர்வைத் தாங்குவது பேஸ் பிளேட்டின் அகன்ற துளை. முக்கால் அங்குல (19 மி.மீ.) போல்ட்டுக்குச் சுமார் 33 மி.மீ. துளை பரிந்துரைக்கப்படுகிறது. துளை பெரிதானால் சாதாரண வாஷர் போதாது. தடித்த பிளேட் வாஷர் வேண்டும். பக்கவாட்டு விசையை எல்லா போல்ட்டும் ஒரே நேரத்தில் ஏற்கும் என்றும் நம்ப முடியாது. அந்த விசையைப் போல்ட்டுகளே ஏற்க வேண்டுமானால் வாஷரைப் பிளேட்டோடு வெல்டிங் செய்வது வழக்கம்.

விலகலைத் தடுக்கும் மலிவான வழி, துளையிட்ட டெம்ப்ளேட்டை ஷட்டரிங்கோடு இறுகப் பிணைத்துவிட்டுக் கான்கிரீட் போடுவது. போட்டு முடித்ததும் மறுபடி அளந்தால், திருத்தத்துக்கு அவகாசம் கிடைக்கும். சம்மட்டியால் அடித்து வளைப்பதும், காஸ் கட்டரால் துளையை அகலமாக்குவதும் தளங்களில் சகஜமாக நடக்கும் தவறுகள். உயர்வலிமை போல்ட்டைச் சூடாக்கினால் அதன் வலிமையே கெடக்கூடும்.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி ஒவ்வொரு தூணுக்கும் குறைந்தது 4 நங்கூர போல்ட்டுகள் வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் தளத்தில் அவற்றைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ கூடாது.