ஓசை பெரிது, வலி சிறிது

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுச் சலனப்படங்களைக் காட்டினர். அவற்றுள் ஒன்று ஒரு நிமிடமும் ஓடாதது. தோட்டக்காரர் ஒருவர் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். பின்னே வந்த சிறுவன் குழாயை மிதிக்கிறான், நீர் நின்றுவிடுகிறது. காரணம் அறியாத அவர் குழாயின் வாயை உற்றுநோக்க, சிறுவன் காலை எடுக்கிறான். நீர் அவர் முகத்தில் பீறிடுகிறது! பின்னர்ச் சிறுவன் பிடிபட்டு அடிவாங்குகிறான். திரைப்பட நகைச்சுவையின் பிள்ளைப் பருவம் இதுவே.

இவ்வகை நகைச்சுவையை ஆங்கிலத்தில் 'ஸ்லாப்ஸ்டிக்' என்பர். அது முதலில் ஒரு கருவியின் பெயர். இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துச் செய்த அதனால் மேடைக் கோமாளிகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வர். ஓசை பெரிது, வலி சிறிது. பணியின் தொடக்கத்தில் பிரம்பு ஏந்திய ஆசிரியனாகிய நான் இதைப் படித்தபோது நாணினேன். என் பிரம்பில் ஓசை சிறிது, வலியே பெரிது.

1912-இல் மாக் சென்னட் என்பார் அமெரிக்காவில் கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய படங்களில் காவலர் கூட்டம் ஓடும், மோதும், உருளும். அக்காலத்துக் காட்சிசாலைகளில் ஆங்கிலம் அறியாத குடியேறிகளும் அமர்ந்திருந்தனர். ஊமைப்படத்தைக் கண்டு சிரிக்க மொழி வேண்டியதில்லை. அதிகாரம் இடறி விழக்கண்டு எளியோர் சிரித்தனர், எவருக்கும் காயமில்லை.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-இல் வெளிவந்த கீஸ்டோன் படமொன்றில், சிறுவர் கார்ப்பந்தயத்தைப் படமெடுக்கும் கருவியின் முன்னே ஒரு நாடோடி மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறான். எத்தனை முறை தள்ளினாலும் திரும்பி வருகிறான். அவன்தான் சார்லி சாப்ளின். சுற்றி நின்ற மக்களுக்கு அவர் யாரென்று தெரியாது!

ஆனால், அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன, நாளடைவில் சிதைவன. வேடிக்கைப் படந்தானே என்று அவற்றைப் பேணாது விட்டோரும் பலர். சாப்ளின் காவலராகத் தோன்றிய ஒரு படம், பழம்பொருள் விற்பனையில் கிடைத்த சுருளில் இருப்பது 2010-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அவர் அதே 1914-இல் நடித்த வேறொரு படம் இன்றளவும் அகப்படவில்லை.

அன்பர்களே! அரசர்களின் போர்களை ஆண்டுவாரியாக மாணவர்க்கு மனப்பாடம் செய்வித்தேன். எளியோர் எதைக் கண்டு சிரித்தனர் என்பதை ஒருநாளும் கற்பித்தேனல்லேன். அதுவும் வரலாறே. போரின் சின்னங்களைப் போற்றிக் காக்கும் நாம், யாரையும் புண்படுத்தாத அச்சிரிப்பின் சின்னங்களையும் காத்தல் வேண்டும்.