ஐந்து கட்டையும் உப்புக் காற்றும்

பழைய நாடகப் பாடகர்களின் இசைத்தட்டுகளை இன்று கேட்போர் பலர், ‘இவர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?’ என்று முகம் சுளிப்பதுண்டு. விடை இசை இலக்கணத்தில் இல்லை. அவர்கள் பாடிய இடங்களில் இருக்கிறது.

ஆறுமுகநேரியின் உப்பளப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலியைத் திருப்பியனுப்ப ஒரு சுவரோ மேடோ இல்லாத வெட்டவெளி. அத்தகைய வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். போதாததற்குக் காற்று. உப்பு விளைய வேண்டிய அதே காற்றுதான் பாட்டுக்குப் பகை. தரையருகே மெதுவாகவும் உயரே விரைவாகவும் வீசுவதால், எதிர்க்காற்றில் செல்லும் குரல் மேல்நோக்கி வளைந்து, பின்வரிசைக்காரரின் தலைக்கு மேலே போய்விடும். கீற்றுக் கொட்டகை காற்றைத் தடுக்கும். ஆனால் ஓலையும் ஒலியைக் கொஞ்சம் விழுங்கும்.

தமிழ் இசை நாடகம் வளர்ந்தது இத்தகைய இடங்களில்தான். அதற்கு வடிவம் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். செங்கோட்டை கிட்டப்பா (1906–1933) ஐந்து கட்டைக்கும் மேலான சுருதியில் பாடினார். அண்ணன் காசி ஐயரின் ஹார்மோனியம் உடன் நின்றது. அதை வெறும் சாகசம் என்பது பிழை. மனிதச் செவி 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மிகக் கூர்மையாக உணர்வது. உச்சத்தில் அழுத்திப் பாடும் குரலில் அந்தப் பகுதி ஓங்கும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடியதற்கும் சங்கீத நியாயம் மட்டுமல்ல, காற்றும் காரணம் என்றே எண்ணுகிறேன். முதல் முறை தவறிய சொல் மறுமுறை சேரும் அல்லவா!

1930களில் ஒலிபெருக்கி பரவத் தொடங்கியது. மென்மையான குரல்களுக்கும் மேடை கிடைத்தது, சுருதிகள் இறங்கின. நாகஸ்வரத்தில் குட்டையான, உச்சச் சுருதித் திமிரியைவிட்டு நீண்ட பாரியை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நிலைநிறுத்தியதும் ஏறக்குறைய இக்காலமே. கொட்டகைக் குரலை மாற்றாமலேயே மைக் யுகத்துக்குள் வந்தவர் கே.பி. சுந்தராம்பாள். ‘ஔவையார்’ (1953) கேட்டவர்கள் அறிவார்கள்.

ஒலிபெருக்கி தன் பங்குக்கு ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. கோயில் கொடையில் தெருநெடுகக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு மின்சாரம் நொடியில் பாய்கிறது. ஒலியோ 100 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.3 விநாடி எடுக்கிறது. ஒரு குழாய்க்கு அருகில் நிற்பவர் அதைக் கேட்டு முடிப்பதற்குள், அடுத்த குழாயின் அதே சொல் பின்னாலேயே வந்து மோதும். பெரிய மேடைகளில் பின் ஸ்பீக்கர்களைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்தி இதைச் சரிசெய்கிறார்கள். தெருக் கம்பங்களில் கட்டிய குழாய்களுக்கு அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? வில்லுப்பாட்டின் கதை பாதி புரிகிறது. குடத்தின் ஒலி மட்டும் இரண்டிரண்டாகக் கேட்கிறது.