திருப்புளி தேடாத துப்பாக்கி

புதுக் கைத்துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க என்ன கருவி வேண்டும் என்று கேட்பது சில்லறைச் சந்தேகமாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் துப்பாக்கி யார் கையில் எவ்வளவு தூரம் பிரிக்கப்படலாம் என்று அதைச் செய்தவர்கள் எடுத்த முடிவு இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரப்பெட்டியோடு விற்ற கோல்ட் ரிவால்வர்களில் குண்டு வார்க்கும் அச்சும் மருந்துக் குடுவையும் ஒரு சிறிய இரும்புக் கருவியும் இருந்தன. அதன் ஒரு முனை திருப்புளி. மறுமுனை, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாட்டும் நிப்பிளைத் திருகிக் கழற்றும் சாவி. கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும் என்பதால் சுட்டபின் துடைத்தே ஆகவேண்டும். பெட்டியை மேசைமேல் திறந்துவைத்துத் துடைக்க நேரமும் இடமும் உள்ள ஒருவரை நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

புகையில்லா மருந்து வந்தபின் கசடு குறைந்தது, துரு குறையவில்லை. தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படிந்தது. அது சமையல் உப்பின் உறவு; எண்ணெயில் கரையாது, தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் போகும். ஆகவே சிப்பாய் தன் துப்பாக்கியைச் சுட்ட அன்றே, இருக்கும் இடத்திலேயே திறக்க வேண்டியிருந்தது. சேற்றில் விழுந்த திருப்புளியை அங்கே யார் தேடுவது? 1896இல் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் வெளிவந்த மவுசர் துப்பாக்கியில் கைப்பிடிப் பலகையை இறுக்கும் திருகு ஒன்றுதான். மற்ற உறுப்புகள் ஒன்றையொன்று கவ்வி நின்றன. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்கப் படை ஏற்ற துப்பாக்கி இன்னும் ஒரு படி மேலே போனது. துடைப்பதற்காகப் பிரிக்க வெறுங்கை போதும். உள்ளே இறங்கினாலும், கழற்றிய சுத்தியலின் தண்டே அடுத்த ஆணியைத் தள்ளும் கருவியாகிவிடும். எனக்குத் தெரிந்தவரை, துப்பாக்கி வடிவமைப்பில் இதைவிடக் கருணையான யோசனை இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. 1908இல் ஜெர்மன் படை ஏற்ற லூகர் துப்பாக்கியின் தோலுறையிலேயே ஒரு கருவிக்கு இடம் தைத்திருந்தார்கள். அமெரிக்கப் படையும் 1911 துப்பாக்கிக்கென்று ‘எல்’ வடிவக் கருவி ஒன்றை வைத்திருந்தது. அப்படியானால் வெறுங்கை என்பது வெறும் பெருமைதானா? அந்தக் கருவிகள் செய்த வேலையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். லூகர் கருவியின் துளை, மேகசினில் தோட்டா நிரப்பும்போது விறைத்த ஸ்பிரிங்கை இழுத்துப்பிடிக்க. அதன் திருப்புளி முனை, கைப்பிடித் திருகுக்கு. குழலைத் துடைக்க லூகரைப் பிரிப்பதற்கு இரண்டுமே தேவையில்லை. அமெரிக்கக் கருவியும் முழுதாகப் பிரிக்கும்போதுதான் உதவிக்கு வரும். சிப்பாய்க்கு ஓர் எல்லை, ஆயுதப் பட்டறைக்காரருக்கு ஓர் எல்லை என்று அப்போதே பிரித்துவிட்டார்கள். 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்ற குளோக்கிலும் இதே பிரிவினைதான்: துடைக்க வெறுங்கை, முழுதாகப் பிரிக்க ஆணி தள்ளும் ஒரே ஒரு பஞ்ச். (துடைக்கக் குளோக்கைக் கழற்றும்போது விசையை இழுக்க வேண்டும் என்பதால், மேகசினை எடுத்து, அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.)

விசித்திரம் என்னவென்றால், அரிக்காத பிரைமர்கள் 1920களின் இறுதியில் சந்தைக்கு வந்து அவசரம் தணிந்த பிறகு கருவிகள் திரும்பி வந்தன. 1911இன் சில வணிக வடிவங்களில் குழலுக்குக் கீழுள்ள ஸ்பிரிங்கைத் தாங்கும் பிரவுனிங்கின் குட்டை வழிகாட்டித் தண்டுக்குப் பதில் முழுநீளத் தண்டைப் பொருத்தினார்கள். இரண்டு துண்டாக வரும் தண்டுக்கு ஆலன் சாவி வேண்டும். வேறு சிலவற்றுக்கு, துளையில் செருக வளைத்த கம்பி, அதாவது பேப்பர் கிளிப். துல்லியம் கூடும் என்பது விற்பவர்கள் சொல்லும் காரணம். அந்த லாபம் இருந்தாலும் சிறிது. இழந்தது வெறுங்கையால் திறக்கும் வசதி. பழைய வடிவமே மேல்.