88 ஆண்டுகள் காத்திருந்த சாசனம்



இந்த வாரத் தியானத்திற்காக 2 தீமோத்தேயு 2:2-ஐ எடுத்து நிதானமாக வாசியுங்கள். தம்மிடம் கேட்டவற்றை உண்மையுள்ள மனிதரிடம் ஒப்புவிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்குக் கட்டளையிடுகிறார். அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கத் தகுதியுள்ளவர்களாய் இருக்கவேண்டும் என்கிறார். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனிதர், மற்றவர்கள் என நான்கு தலைமுறைகள் அந்த ஒரே வசனத்துக்குள் நிற்கின்றன. கடைசித் தலைமுறையைக் காண பவுல் உயிரோடிருக்கவில்லை.

நம் திருச்சபையில் ஊழியம் செய்யும் போதகர்கள் பலருடைய பட்டச் சான்றிதழில் செராம்பூர் என்ற பெயரைக் காணலாம். கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள ஊர் அது. பொதிகையின் அடிவாரத்தில், பாபநாசத்தில் ஆராதிக்கும் நமக்கும் அந்த வங்காள ஊருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவின் வரலாறு இது.

1793-இல் வில்லியம் கேரி வங்காளத்தில் வந்திறங்கியபோது, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை விரும்பவில்லை. பின்னர் வந்த பாப்திஸ்து மிஷனரிகளுக்கும் அதன் எல்லைக்குள் இடம் கிடைக்கவில்லை. அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது டென்மார்க் அரசின் கீழிருந்த செராம்பூர். 1706-இல் சீகன்பால்க் வந்திறங்கிய நம் தரங்கம்பாடியும் அதே அரசின் கீழ்தான் இருந்தது. 1716-இல் உபதேசியார்களை உருவாக்க ஒரு பள்ளி தரங்கம்பாடியில் தொடங்கப்பட்டது. அந்தப் பணிக்கு நிழல் தந்த அதே கொடியின் கீழ், 1800 ஜனவரியில் கேரி செராம்பூரில் குடியேறினார்.

கேரி செருப்புத் தைத்துப் பிழைத்தவர். ஜோஷுவா மார்ஷ்மன் நெசவாளியின் மகன், பள்ளி ஆசிரியர். வில்லியம் வார்ட் அச்சுத் தொழிலாளி. மூவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்களல்லர். தாங்கள் சம்பாதித்ததையெல்லாம் ஒரே பொதுப் பையில் போட்டு, தேவைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு வாழ்ந்தனர்.

1812 மார்ச் 11 அன்று மாலை அவர்களுடைய அச்சகம் தீப்பிடித்தது. பல இந்திய மொழிகளின் அச்செழுத்துகளும், கேரி ஆண்டுக்கணக்காக உழைத்துச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. அடுத்த ஞாயிறன்று கேரி சங்கீதம் 46:10-ஐ வைத்துப் பிரசங்கித்தார். உருகிய உலோகத்தைத் திரட்டி, தப்பிய அச்சுகளைக் கொண்டு எழுத்துகளை மறுபடியும் வார்த்தனர். மறு ஆண்டே, 1813-இல், அந்த அச்சகத்திலிருந்து பப்ரிசியஸ் ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஆம், செராம்பூரின் சாம்பலிலிருந்து எழுந்தவற்றுள் நம் தாய்மொழி வேதமும் ஒன்று.

வேதத்தை அச்சிட்டால் மட்டும் போதாது, அதை ஆராய்ந்து போதிக்கும் மனிதர் இந்நாட்டிலேயே எழும்பவேண்டும் என்பது அம்மூவரின் உறுதியான எண்ணம். இந்தியருக்குச் சுவிசேஷத்தை நிலையாகக் கொண்டுசெல்லக் கூடியவர்கள் இந்தியரே என்று அவர்கள் நம்பினர். அதனால் 1818-இல் செராம்பூர்க் கல்லூரியைத் தொடங்கினர். முதலில் சேர்ந்தவர்கள் 37 மாணவர்கள். அவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர், பிற சமயத்தாரும் இருந்தனர். கட்டடச் செலவில் பெரும்பங்கை மூவரும் தங்கள் ஊதியத்திலிருந்தே கொடுத்தனர். 1827 பிப்ரவரி 23 அன்று டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக், பட்டம் வழங்கும் உரிமையை அரச சாசனமாக அக்கல்லூரிக்கு அளித்தார். 1833-இல் வகுத்த விதிகள், சாதியோ நிறமோ தேசமோ எவரையும் கல்லூரிக்குள் வராமல் தடுக்கக்கூடாது என்று கூறின.

இதோடு கதை முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை ஆகியிருக்கும். நடந்தது வேறு. சாசனம் கிடைத்த அதே 1827-இல், சொத்து, நிர்வாகம் பற்றிய பிணக்கினால் செராம்பூர் ஊழியர்களும் இங்கிலாந்திலிருந்த அவர்களுடைய சங்கமும் பிரிந்தனர். சொத்துச் சேர்த்தார்கள் என்ற பழிச்சொல்லையும் அவர்கள் கேட்டனர். வார்ட் 1823-இலேயே மறைந்துவிட்டார். 1834-இல் கேரி மரித்தார். 1837 டிசம்பரில், பிரிந்த இரு சாராரும் மீண்டும் இணையும் வேளையில், மார்ஷ்மனும் கண்மூடினார். கையில் சாசனம் இருந்தும், மூவரில் ஒருவர்கூட அக்கல்லூரி ஒரு இறையியல் பட்டம் வழங்கியதைக் காணவில்லை.

1845-இல் டென்மார்க் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது. சாசன உரிமை மட்டும் உடன்படிக்கையில் காக்கப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் கல்லூரி மிகவும் சுருங்கிப்போனது. பின்பு முதல்வராக வந்த ஜார்ஜ் ஹாவெல்ஸ் அந்தப் பழைய சாசனத்துக்கு உயிரூட்டப் பாடுபட்டார். முதல் பி.டி. பட்டங்கள் 1915-இல் வழங்கப்பட்டன. சாசனத்துக்கும் பட்டத்துக்கும் இடையே 88 ஆண்டுகள்! பாப்திஸ்து சபையார் மூவர் தொடங்கிய கல்லூரியின் பட்டத்தை இன்று பல சபைப் பிரிவுகளின் இறையியல் மாணவர்கள் நாடெங்கும் பெறுகின்றனர்.

நம் நெல்லைச் சீமையின் கதையும் இதனோடு சேர்ந்து ஓடுகிறது. செராம்பூர்க் கல்லூரி தொடங்கிய இரண்டாம் ஆண்டில், 1820-இல், ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். உபதேசியார்களைப் பயிற்றுவிப்பதைத் தம் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். 1842-இல் சாயர்புரத்துக்கு வந்த ஜி.யு. போப் அங்கே ஊழியருக்கான கல்விச்சாலையை நிறுவினார். பிற்காலத்தில் திருமறையூரில் இயங்கிய இறையியல் கல்லூரி, 1969-இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியோடு இணைந்தது. அங்கே பயில்வோர் பெறுவதும் செராம்பூர்ப் பட்டமே.

அன்பானவர்களே, தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குவது நம் ஊரில்தான். இங்கே நிற்பவன் திருவைகுண்டம் கடைமடையில் விளையும் பிசான நெல்லைப் பார்ப்பதில்லை. அதற்காக நீர் இங்கேயே நின்றுவிடுவதுமில்லை. கேரியும் மார்ஷ்மனும் வார்டும் தலைமடையில் நின்று உழைத்தவர்கள். கடைமடையில் இருப்பவர்கள் நாம்.

ஆகவே சில கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். நல்ல போதகர் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை வேதம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், மனமுவந்து அனுப்புவோமா? வேறு வேலை கிடைக்காதவனே ஊழியத்துக்குப் போகிறான் என்ற பேச்சு நம் வீடுகளில் இல்லையா? 1833-இல் ஒரு கல்லூரி தன் விதியிலிருந்து நீக்கிய சாதி, இன்று நம் சபைத் தேர்தலிலும் திருமணப் பேச்சிலும் நீங்கிவிட்டதா? ஞாயிறு பள்ளியில் நான்கு பிள்ளைகளுக்கு வசனம் கற்பிக்கும் சகோதரிக்கு, அவள் செய்வது சிறிய காரியமல்ல என்று நாம் சொன்னதுண்டா?

உங்கள் உழைப்பின் பலனை நீங்கள் காணாமல் போகலாம். அதனால் அது வீணாகிவிடாது. ஒப்புவிப்பது உங்கள் பங்கு. விளையச் செய்வது கர்த்தருடைய பங்கு. 1 கொரிந்தியர் 3:6-ஐயும் இந்த வாரம் வீட்டு ஜெபத்தில் வாசியுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்கு முன் விதைத்தவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். எங்கள் பிள்ளைகளிலிருந்து உமது வார்த்தையைப் போதிக்கும் உண்மையுள்ளவர்களை எழுப்பும். காணாத அறுவடைக்காகவும் உழைக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.