நம்ம ரோட்டுக்கு 38 என்று எப்படிப் பேர் வந்தது?

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி. கிரிவலம் முடித்துத் திருவண்ணாமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஒரு மணி இருக்கும். சந்தவாசல் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் பின் சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றினால் அதிலும் காற்று இல்லை. பார்த்து வைக்காதது என் தப்பு. இன்சூரன்ஸ் அட்டையில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எங்கோ வெளியூரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் முதலில் கேட்ட கேள்வி: "எந்த ஹைவே சார்? பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருக்கிறதா?"

"என்.எச். 234" என்றேன், சந்தேகமே இல்லாமல். சிறு வயதிலிருந்து கேட்ட எண் இல்லை என்றாலும், பல வருடம் போர்டில் பார்த்துப் பழகிய எண். "அந்த எண்ணில் உங்கள் பக்கம் ரோடே காட்டவில்லையே சார்" என்றார். வேலூர், போளூர், கண்ணமங்கலம் என்று ஒவ்வொரு ஊராக எழுத்துக்கூட்டிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. பஞ்சர் என்பதால் கொசுக்கடியோடு முடிந்தது. காரில் அடிபட்ட ஒருவர் கிடந்திருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு என்ன விலை என்று வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை.

நம் குடியிருப்பில் இந்த ஆண்டு புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து இங்கே குடிவந்து, நெடுஞ்சாலையில் முதல் முறையாக வண்டி எடுப்பவர்களும் உண்டு. உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மேப் ஆப் வழி சொல்லும். ஆனால் சந்தவாசலுக்கும் நமக்கும் நடுவே சிக்னல் போனால் ரோடு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று நீங்களேதான் படிக்க வேண்டும்.

முதலில் அந்த 234 எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பார்ப்போம்.

1943-இல் நாகபுரியில் மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் கூடி நாட்டுக்கான சாலைத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். இன்றும் நாம் பயன்படுத்தும் வரிசை அங்கே பிறந்ததுதான்: தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை (அன்று மாகாண நெடுஞ்சாலை), மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை. 1947 ஏப்ரல் 1 முதல் தேசிய நெடுஞ்சாலைகளின் பொறுப்பை மத்திய அரசு ஏற்றது. சுதந்திரத்துக்கு நாலரை மாதம் முன்பு! அவற்றுக்கான தனிச் சட்டம் 1956-இல் வந்தது. அன்று மொத்த நீளம் 21,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்று ஏறக்குறைய 1,46,000 கிலோமீட்டர்.

எண் கொடுத்த விதம் மட்டும் வேடிக்கையானது. டெல்லி–அமிர்தசரஸ் 1, டெல்லி–கல்கத்தா 2, ஆக்ரா–பம்பாய் 3, பம்பாய்–சென்னை 4, சென்னை–கல்கத்தா 5 என்று பெரிய நகரங்களைக் கோத்துக்கொண்டே போனார்கள். பிறகு ஒவ்வொரு சாலையாகத் தரம் உயர உயர அடுத்த எண் கிடைத்தது. இடையில் செருக வேண்டியிருந்தால் எழுத்து ஒட்டினார்கள். நம் பக்கத்து 45-க்கு 45ஏ, 45பி, 45சி என்று மூன்று வால். எண்ணைப் பார்த்து அந்தச் சாலை நாட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. மனப்பாடம்தான். மங்களூரில் கிளம்பிக் கர்நாடகத்தின் குறுக்கே வந்து, பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர், நம் கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை வழியே விழுப்புரம் போன சாலைக்கு 234 விழுந்தது அப்படித்தான். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

2010-இல் மத்திய அரசு எல்லா எண்களையும் கலைத்துவிட்டு முறையாக அடுக்கியது. இந்த முறை தெரிந்தால் மனப்பாடம் வேண்டாம். வடக்கு–தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண்; கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் ஏறும். கிழக்கு–மேற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் ஏறும். மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலை. திண்டிவனம்–விழுப்புரம் 132 என்பது 32-இன் கிளை. சேலம்–கொச்சி 544 என்பது 44-இன் கிளை.

இப்போது தமிழ்நாட்டு மேப்பை விரித்துக் கடற்கரையிலிருந்து உள்ளே விரலை நகர்த்துங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், நாகை என்று கடலோரமாக இறங்குவது 32. விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம், தஞ்சாவூர் போவது 36. அடுத்தது நம் 38. அதற்கு அடுத்து, ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர், கடப்பா வழியே கர்னூல் போவது 40. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் வழியே அனந்தப்பூர் போவது 42. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை, நம் மாநிலத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று போவது 44. படிக்கட்டு மாதிரி இல்லையா?

நம் 38 வேலூரில் தொடங்கித் தூத்துக்குடியில் முடிகிறது. பழைய 234-இன் கடைசித் துண்டு, விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை பழைய 45, திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை பழைய 45பி: மூன்று சாலைகளின் துண்டுகளைத் தைத்து ஒரே சாலையாக்கியிருக்கிறார்கள். நம் ரோட்டில் நின்று தெற்கே திரும்பினால் கடைசியில் கடல். இந்த முறையின் அழகை இந்த ஒரே பயணத்தில் பார்க்கலாம். வேலூரில் பெங்களூரு பக்கமிருந்து வரும் 75. தெற்கே இறங்கினால் திருவண்ணாமலையில் கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலையான 77. உளுந்தூர்ப்பேட்டையில் சேலத்திலிருந்து வரும் 79. திருச்சியில் 81, 83. மதுரைப் பக்கம் போனால் கொச்சி–தொண்டி 85, ராமேஸ்வரம் போகும் 87. எண் ஏறிக்கொண்டே போனால் தெற்கே போகிறீர்கள் என்று அர்த்தம். இருட்டில் வழி தவறியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என் 234-க்கு வருகிறேன். புதிய முறையில் 234 என்றால் 34-இன் கிளை. அந்த 34 இமயமலையில் கங்கோத்ரியிலிருந்து மத்தியப் பிரதேசம் வரை இறங்கும் சாலை. அர்த்தராத்திரியில் நான் உதவியைக் கூப்பிட்டது அந்த ஊருக்கு!

இதைவிடப் பெரிய குழப்பம் 66. திருவண்ணாமலை, செங்கம் பக்கத்துப் பெரியவர்கள் யாரையும் கேளுங்கள். பாண்டி–கிருஷ்ணகிரி ரோட்டை 66 என்பார்கள். அதில் கிருஷ்ணகிரி–திண்டிவனம் பகுதிதான் இன்றைய 77. இன்று 66 என்றால் மும்பை அருகே பன்வேலில் தொடங்கி கோவா, மங்களூர், கேரளம் வழியே கன்னியாகுமரி வரும் மேற்குக் கடற்கரைச் சாலை. பழைய வழிகாட்டிப் புத்தகத்தையோ பழைய கடைப் போர்டையோ வைத்து வழி பார்ப்பவர்கள் கவனமாக இருங்கள்.

விதிக்கு முரணாகத் தெரியும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலூர் போனதும் நீங்களே கேட்பீர்கள். வேலூரிலிருந்து சென்னை போகும் 48 மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. பிறகு ஏன் இரட்டைப்படை? அது டெல்லியில் கிளம்பி ஜெய்ப்பூர், மும்பை, பெங்களூரு வழியே வரும் சாலை. மொத்தமாகப் பார்த்தால் வடக்கு–தெற்கு. நம் கண்ணில் படுவது அதன் வால் மட்டும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளுக்காக ஒரு சேதி. அங்கே 1926-லேயே இப்படி ஒரு முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் தலைகீழாக: வடக்கு–தெற்குக்கு ஒற்றைப்படை, கிழக்கு–மேற்குக்கு இரட்டைப்படை. பிற்பாடு போட்ட இன்டர்ஸ்டேட் சாலைகளில் எண் ஏறும் திசையையும் மாற்றிக்கொண்டார்கள். மேற்குக் கரையோரம் 5, கிழக்குக் கரையோரம் 95. அங்கே ஓட்டிப் பழகிய மகனோ மருமகளோ விடுமுறைக்கு வந்து நம் ரோட்டில் வண்டி எடுக்கும்போது, இங்கே இரட்டைதான் தெற்கு வடக்கு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

எண் மாறும், கல் அங்கேயே இருக்கும். ரோட்டோரக் கல்லைப் படிக்கப் பழகுங்கள். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு. கல்லில் சாலையின் எண்ணும், வரப்போகும் ஊரும், தூரமும் இருக்கும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று பெரிய கல். இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை 200 மீட்டருக்கு ஒன்று நடப்படுபவை. கிலோமீட்டர் எண்ணோடு குட்டிக் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் நீங்கள் நிற்கும் இடம் ஏறக்குறைய துல்லியமாகத் தெரிந்துவிடும்.

வழிப்போக்கருக்குக் கல் நடும் வழக்கம் இங்கே வெள்ளைக்காரர் கொண்டுவந்தது அல்ல. தருமபுரி மாவட்டத்தில் 13-ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதியமான் பெருவழி என்று சாலையின் பெயர், நாவல்தாவளம் என்று போகும் இடம், 29 காதம் என்று தூரம்: இன்றைய கல்லில் இருக்கும் மூன்று விவரமும் அதிலும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி என்று அதே 29-ஐக் கல்லில் குடைந்தும் வைத்திருக்கிறார்கள். இருட்டில் கையால் தடவியே தூரம் தெரிந்துகொள்ளலாம்! புதிதாக ஓர் ஊருக்கு வருபவனை இவ்வளவு யோசித்து மதித்த கல் வேறு நான் பார்த்ததில்லை. அந்தத் தகடூர் அதியமான்களின் கல்வெட்டு நம் போளூருக்குப் பக்கத்தில் திருமலைச் சமணக் கோயிலிலும் இருக்கிறது, போனால் பாருங்கள்.

சாலையின் தரம் தெரிவதால் வண்டி ஓட்டும்போதும் லாபம் உண்டு. ஆரணி ரோட்டிலிருந்தோ ஊருக்குள் இருக்கும் தெருவிலிருந்தோ 38-இல் ஏறும்போது நின்று வழிவிட வேண்டியவர் நீங்கள்; நேரே வரும் தூத்துக்குடி லாரி அல்ல. நம் கூட்டுரோட்டில் தினமும் மறக்கப்படுவது இதுதான். இருசக்கர வண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை முன்னும் பின்னும் உட்கார வைத்து, தலையைத் திருப்பாமல் நெடுஞ்சாலையில் நுழைபவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

பள்ளம் பற்றிப் புகார் எழுதவும் இது உதவும். 38-இல் பள்ளம் என்றால் பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்துப் பயனில்லை. அது மத்திய அரசின் சாலை. அதனால்தான் வேலூர் போகும் வழியில் வல்லத்தில் சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம். அட்டையில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொரு எண்ணும் மனதில் இருக்கட்டும்: 1033. தேசிய நெடுஞ்சாலையில் விபத்து, பழுது, தடை எதுவானாலும் கூப்பிடலாம். ஆம்புலன்சுக்கு 108 இருக்கவே இருக்கிறது. இந்தச் சாலையில்தான் கணியம்பாடிக்கு அப்பால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நம் பக்கத்து அவசரம் எல்லாம் ஓடுவது அந்தப் பக்கம்தான். எங்கே கூப்பிட்டாலும் சொல்ல வேண்டியது இவ்வளவு: என்.எச். 38, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே, பக்கத்துக் கல்லின் எண், வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது.

காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கேட்டுக்கு மிக அருகில் 38-இல் இருக்கும் கிலோமீட்டர் கல்லையும் குட்டிக் கல்லையும் போனில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெரிய எழுத்தில் எழுதி செக்யூரிட்டி அறையிலும் லிஃப்ட் பக்கத்திலும் ஒட்டிவிடலாம். செக்யூரிட்டி அறையில் இப்போது தொங்கும் மேப் பழையது. அதில் நம் ரோடு இன்னும் 234-தான். அதை மாற்றும் செலவு என்னுடையது.